திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை

காலை ஐந்தேமுக்காலுக்கு எழுந்ததும் நான் செய்கிற முதல் காரியம் காப்பி போடுவதல்ல. லேப்டாப்பைத் திறந்து, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டி என்டர் அடிப்பேன். நான் தூங்கிய நேரத்தில் எங்கெங்கோ யார் யாரோ எழுதிச் சேர்த்த திருத்தங்கள் வரி வரியாக இறங்கி வரும். பச்சையில் வந்தால் புதிதாகச் சேர்த்தது. சிவப்பில் வந்தால் எடுத்துப்போட்டது. சில நாள் நாலு வரி, சில நாள் நானூறு. ஒன்றும் இல்லாத நாளில், 'எல்லாம் உன்னிடம் இருக்கிறது' என்கிற பொருளில் ஒரு வாசகம் மட்டும் வரும். பல்கூடத் துலக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் மாடி வீடு. ஜன்னலுக்கு வெளியே வாழை, அதற்கப்பால் கொள்ளிடத்து மணல். விடிகிற வெளிச்சத்தில் மணலும் ஓடுகிற தண்ணீராகத்தான் தெரியும்.

இறங்குகிற பொருளின் பெயர் 'ரில்'. வயலில் மோட்டார் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற சின்னப் போர்டுக்கு, எப்போது கிளம்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எழுதி ஏற்றுகிற மென்பொருள். அது இணையத்தில் ஒரு பொது இடத்தில் இருக்கிறது. ரெப்போ என்போம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தன் தேவைக்குத் திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று திருப்பி அனுப்பலாம். அனுப்பியதை ஒருவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. படத்துக்குப் பதில் தண்ணீரோரம் ஒற்றைக் காலில் நிற்கிற ஒரு கொக்கு. நான் கொக்கார் என்று கூப்பிடுவேன், மனசுக்குள்தான்.

நானும் பெலிண்டாவும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அரியமங்கலத்தில் ஒரு ஷெட் பிடித்து மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகள் செய்கிறோம். அவள் ஈயம் பற்றவைப்பாள், நான் புரோகிராம் ஏற்றுவேன். கல்யாண வீடுகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள், "மோட்டார் ரிப்பேரா?" என்பார்கள். நாற்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் அந்தக் கேள்விக்கு எரிச்சல் வராமல் சிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் ரில்லுக்கு நான் அனுப்பிச் சேர்ந்த திருத்தங்கள் அறுபத்தொன்று. ரெப்போவுக்குள் யாரையும் கேட்காமல் நேரடியாக எழுதுகிற சாவி உலகத்திலேயே ஐந்து பேரிடம்தான் இருக்கிறது. அவர்கள் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். சித்திரை பிறந்த வாரம் கொக்கார் எனக்குக் கடிதம் போட்டிருந்தார்: 'ஆறாவது ஆளாக உங்களைச் சேர்க்க நினைக்கிறேன். மாதக் கடைசியில் சொல்கிறேன்.'

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். முதல் பக்கத்தில் ஐந்து பெயருக்குக் கீழே வெறுமையாக இருக்கிற இடத்தைக் கை வைத்து அளந்துகூடப் பார்த்தேன். சுபலட்சுமி என்கிற என் பெயரை அது தாராளமாகக் கொள்ளும்.

இனி அழகிரி அண்ணன். உத்தமர்சீலியில் நாலு ஏக்கர் வாழை. எங்கள் போர்டு வாங்கியவர். தை மாதம் ஒருநாள் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"சுபாம்மா, உங்க போர்டு நல்லாத்தான் இருக்கு. கரண்ட்டு வந்ததும் தானா மோட்டார் கிளம்பிடுது. அதாங்க பிரச்சனை."

"கரண்ட்டு வந்தா கிளம்பணும்னுதானேண்ணே வாங்கினீங்க?"

"திங்கக்கிழமை ஏழரைக்கு மேல கிளம்புதுங்க. ராகுகாலம். முன்னாடில்லாம் நான் கையால போடுவேன், ஒம்பது ஆகட்டும்னு இருப்பேன். இப்ப அது பாட்டுக்குப் போட்டுடுது. ரெண்டு தடவை மோட்டார் காயில் எரிஞ்சதும் திங்கக்கிழமைதான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன். "அப்ப ராகுகாலத்துல நிறுத்திடணுமா?"

"நிறுத்தாதீங்க! ஓடிட்டிருக்கறது ஓடட்டும். புதுசா ஆரம்பிக்கத்தான் கூடாது."

அவர் போன பிறகு பெலிண்டாவிடம் கேலி பேசித் தீர்த்தேன். இருந்தாலும் வாடிக்கையாளர் கேட்டால் செய்து கொடுக்க வேண்டும். காலண்டரைப் பார்த்து ஏழு நாளுக்கும் ஏழு நேரம் எழுதினேன். திங்கள் ஏழரை–ஒன்பது, சனி ஒன்பது–பத்தரை, வெள்ளி பத்தரை–பன்னிரண்டு என்று. அந்த நேரத்தில் மோட்டார் புதிதாகக் கிளம்பாது. ஒரு மத்தியானத்து வேலை. ஒவ்வொரு திருத்தத்தோடும் அது எதற்கு என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அங்கேதான் கை நின்றது. ராகுகாலம் என்று ஆங்கிலத்தில் எழுத என்னவோ கூச்சமாக இருந்தது. என் கம்ப்யூட்டரில்தானே இருக்கப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தும் எழுதவில்லை. 'சுருள் சூடு தணிய இடைவேளை, நாளுக்கு நாள் நேரம் மாற்றியமைக்கப்பட்டது' என்று கம்பீரமாக எழுதி வைத்தேன்.

மறுவாரம் வேறொரு சின்னத் திருத்தத்தைக் கொக்காருக்கு அனுப்பினேன். வழக்கமாகத் தனியாகப் பிரித்து அனுப்புவேன். அன்றைக்கு அவசரம். அழகிரி அண்ணனின் ராகுகாலமும் அதே மூட்டையில் ஏறிப் போனதை நான் கவனிக்கவில்லை.

சித்திரை மூன்றாம் வாரம், வியாழக்கிழமை விடியற்காலை. வழக்கம்போல் என்டர் அடித்துவிட்டு, ரெப்போவின் புகார்ப் பக்கத்தை மேய்ந்தேன். கென்யாவில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சூரிய மோட்டாராம். தொட்டி நிறைந்தால் நிற்கும், குறைந்தால் தானே கிளம்பும். புது வெர்ஷன் இறக்கி ஏற்றியதிலிருந்து புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கிளம்ப மறுக்கிறதாம். அது பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம். தொட்டியும் சின்னது. குடிக்கவும் தட்டுக் கழுவவும் தண்ணீர் இல்லாமல் புதன்கிழமைதோறும் பிள்ளைகள் குழாயடியில் நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலும் இப்படித்தான், ஆனால் அன்றைக்குச் சமாளித்துவிடுகிறோம் என்று முடித்திருந்தார்.

புதன் பன்னிரண்டு–ஒன்றரை. காலண்டரைப் பார்த்து நான் எழுதிய அதே நேரம். பல்லி, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் கேலி பண்ணுகிற என் கையெழுத்தில், ராகுகாலம் உலகம் பூராவும் இறங்கியிருக்கிறது. தேடிப் பார்த்தேன். கொக்கார் சேர்த்து இரண்டு மாதமாகிறது. புது வெர்ஷனில் போய் மூன்று வாரம்.

கீழே பதில்கள் வரிசையாக இருந்தன. ஒருவர் வரைபடமே போட்டிருந்தார். இன்னொருவர், 'அற்புதமான வேலை. ஏழு நாளுக்கும் நேரம் மோதாதபடி பங்கிட்டிருக்கிறார்கள், மின்சுமையைப் பரப்புவதற்காக இருக்க வேண்டும்' என்று வியந்திருந்தார். ராகு படித்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். கடைசியில் கொக்கார் எழுதியிருந்தார்: 'சுபலட்சுமி தெளிவாகக் காரணம் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் சேர்த்தேன். இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லட்டும்.'

அன்று காலை ஸ்கூட்டரை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனேன். காவிரிப் பாலம் தாண்டும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். தூக்கமா விழிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. பூமி மெல்லச் சுற்றுவது தெரிந்தது. புதன்கிழமை உச்சிப் பொழுது ஒரு நிழலாக அதன் மேல் நகர்ந்து வந்தது. அது தொட்ட ஊரிலெல்லாம் மோட்டார்கள் ஒவ்வொன்றாக மௌனமாயின. நான் பார்த்தேயிராத சோளக்காடுகள், நான் பெயர் சொல்லத் தெரியாத மரங்கள், ஒரு மலைச்சரிவில் ஆட்டுக்கூட்டம், எல்லாம் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்றன. யாரும் கோபப்படவில்லை. எதற்கென்று தெரியாமலே எல்லோரும் காத்திருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது அழகாக இருந்தது. நிழல் கடைசியாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. குழாயடியில் ஒரு பெண் குழந்தை தட்டை ஏந்திக்கொண்டு நின்றது. பாலக்கரை என்று கண்டக்டர் கத்தியதும் விழித்தேன்.

பெலிண்டா விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"சாவி என்னடி ஆகும்?"

"உண்மையைச் சொன்னா கிடைக்காது."

"அப்ப சொல்லாத. காயில் சூட்டைப் பத்தி ஏதாவது நாலு வரி போடு. இடைவேளைய அடுத்த வெர்ஷன்ல எடுத்துடுறேன்னு சொல்லு. புள்ளைங்களுக்கும் தண்ணி வந்துடும், உனக்கும் சாவி வந்துடும்." அப்புறம் ஈயக் கம்பியை நீட்டியபடியே சொன்னாள், "எங்க வீட்லகூட ராகுகாலத்துல பொண்ணு பாக்கக் கிளம்ப மாட்டாங்க. பாதர்கிட்ட சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. நாலு வரியையும் அன்று மத்தியானமே எழுதிவிட்டேன். நன்றாகவும் வந்திருந்தது. ஆனால் அனுப்பவில்லை. அழகிரி அண்ணனிடமும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டதை எடுக்கப் போகிறேன் என்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருவானைக்காவல் வழியாக உத்தமர்சீலிக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

வாழைத்தோப்புக்குள் போனால் வெயில் பச்சையாகிவிடும். மோட்டார் கொட்டகை நிழலில் அண்ணன் தார்களுக்கு முட்டுக்கொடுக்கிற சவுக்குக் கழிகளைச் சீவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கென்யாவுல ராகுகாலம் பாக்குறாங்களா?"

"பாக்கலண்ணே. நான் பாக்க வச்சிட்டேன்."

குழந்தைகள் தண்ணீருக்கு நிற்பதைச் சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தார்.

"என்னங்க இது, அநியாயமா இருக்கு. நான் என் மோட்டாருக்குத்தானே கேட்டேன். ஊருக்கெல்லாமா கேட்டேன்? போதாக்குறைக்கு ராகுகாலம் அந்தந்த ஊர் சூரிய உதயத்தை வச்சுங்க. நம்ம மணிய கொண்டுபோயி அங்க ஒட்டினா அது ராகுகாலமே கிடையாது. சும்மா புள்ளைங்கள நிக்க வச்சதுதான் மிச்சம்." அப்புறம் கேட்டார். "அவங்களுக்கு இது ராகுகாலம்னு தெரிஞ்சிருக்கணுமே? எழுதியிருப்பீங்கல்ல?"

"எழுதல."

"பின்ன என்ன எழுதினீங்க?"

"காயில் சூடு தணியன்னு."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "ஏங்க, அழகிரி கேட்டான்னு சொல்ல வெக்கமா?" என்றார்.

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாலு ஏக்கர்க்காரர், தன் மோட்டாருக்கு எது வேண்டும் என்று நேராக வந்து வாயால் கேட்டவர். அவர் கேட்டதை அவருக்குச் செய்து கொடுத்துவிட்டு, உலகத்துக்கு முன்னால் அவரை ஒளித்து வைத்திருக்கிறேன். மோட்டார் ரிப்பேரா என்று கேட்டவர்கள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் நினைவுக்கு வந்தது. அவர்களாவது வாய்விட்டுக் கேட்டார்கள்.

கொட்டகையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். போனிலிருந்து இணையத்தை இழுத்து, எழுதி வைத்திருந்த நாலு வரியை அழித்தேன். முதலில் ஏழு நாள் அட்டவணையை மொத்தமாக எடுத்தேன். பிறகு கடிதம்.

"என்ன எழுதறீங்கன்னு தமிழ்ல சொல்லிக்கிட்டே எழுதுங்க" என்றார் அண்ணன்.

சொல்லிக்கொண்டே எழுதினேன். 'இது என் தவறு. இந்த நேரங்கள் சுருள் சூட்டுக்கானவை அல்ல. எங்கள் ஊரில் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்குப் புதிய காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். அதற்கு ராகுகாலம் என்று பெயர். அழகிரி என்கிற வாழை விவசாயி தன் ஒரு மோட்டாருக்கு மட்டும் கேட்டார். கவனக்குறைவால் எல்லோருக்கும் வந்துவிட்டது. காரணத்தை எழுத வெட்கப்பட்டுப் பொய் எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' அதற்கு மேல் என் நாலு வருஷ உழைப்பைப் பற்றி ஒரு வரி ஆரம்பித்தேன்.

"அது வேணாங்க. கெஞ்சற மாதிரி இருக்கு."

அழித்துவிட்டு அனுப்பினேன். வாழை இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாவி போய்விட்டது என்று மனசு சொன்னது. உடம்பு என்னவோ லேசாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் என்டர் அடித்தேன். 'எல்லாம் உன்னிடம் இருக்கிறது.' ஞாயிற்றுக்கிழமையும் அதே. வழக்கமாக மனசு நிறைக்கிற அந்த வாசகம் இந்த இரண்டு நாளும் கேலி செய்வதாகத் தோன்றியது. கொக்கார் எங்கோ ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வரிகள் இறங்கின. முதலில் சிவப்பு. நான் எடுத்த அட்டவணை, ஏழு வரி, ஒன்று விடாமல். பிறகு பச்சை. கொக்கார் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். மோட்டார் கிளம்பக் கூடாத நேரத்தை அவரவரே நிரப்பிக்கொள்ளலாம். யாரும் நிரப்பாவிட்டால் காலியாகவே இருக்கும், எதுவும் நிற்காது. நேரத்துக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஓர் இடம். அந்த வசதிக்கு அவர் வைத்திருந்த பெயரை இரண்டு தடவை படித்தேன். 'அழகிரி'.

குறிப்பில் எழுதியிருந்தார்: 'காரணத்தைக் காலியாக விடலாம். பொய் மட்டும் வேண்டாம்.'

கீழே பள்ளிக்கூடத்துக்காரர் நன்றி சொல்லியிருந்தார். புதன்கிழமைக்குள் ஏற்றிவிடுவாராம். அவருக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் மோட்டார் போட மாட்டாராம். ஒருவருடைய ஊரில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை யாரும் போட மாட்டார்களாம். ஒரு பெண்மணி, ஞாயிறு காலையில் எங்கள் தோட்டத்தில் பறவைச் சத்தம் கேட்க வேண்டும், வேறு காரணம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். மின்சுமை என்று வியந்தவர் மட்டும் எதுவும் எழுதவில்லை.

எனக்குத் தனியாக இரண்டு வரி வந்திருந்தது. 'சொன்னதற்கு நன்றி. சாவியை இப்போது தர முடியாது. ஒரு வருஷம் கழித்துப் பேசுவோம்.'

சமையலறைக்குப் போய் அழுதேன். எதிர்பார்த்துத்தான் இருந்தேன், ஆனாலும் அழுகை வந்தது. நாலு வருஷம். முகம் கழுவிக்கொண்டு காப்பி போட்டுக் குடித்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன்.

அழகிரி அண்ணன் கொட்டகையில்தான் இருந்தார். மோட்டார் அப்போது ஓடவில்லை. லேப்டாப்பில் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. என் விரல் போகிற இடத்தில் குனிந்து பார்த்தார்.

"இதுவா என் பேரு?"

"ஆமாண்ணே. இனிமே யார் இதை இறக்கினாலும் உங்க பேரும் சேந்து இறங்கும்."

நம்பாதவராகக் கொஞ்சம் சிரித்தார். துண்டால் விரலைத் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டுப் பார்த்தார். "உங்க பேரு எங்க இருக்கு?"

கீழே தள்ளிக் காட்டினேன். "இங்க. எடுத்தது சுபலட்சுமின்னு இருக்கு."

"செவப்பா இருக்கே?"

"தப்பா போட்டதை எடுத்தா செவப்பாத்தான் காட்டும்."

அவர் தலையாட்டினார். நான் மோட்டார் பெட்டியைத் திறந்து, போர்டில் ஒயரைச் செருகி, புது வெர்ஷனை ஏற்றத் தயாரானேன். திரை கேட்டது: தொடங்கக் கூடாத நேரம்? உத்தமர்சீலி சூரிய உதயத்தை வைத்து அண்ணன் கணக்குச் சொல்லச் சொல்ல, ஏழு நாளுக்கும் நிமிஷம் பிசகாமல் நிரப்பினேன். அடுத்து, காரணம்?

அந்த இடத்தில் 'ராகுகாலம்' என்று தமிழிலேயே அடித்தேன்.

என்டர் மேல் விரல் போயிற்று. மணி எட்டு இருபது. அண்ணன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒம்பது ஆகட்டும்ணே" என்றேன்.